பச்சைக் குறி வந்தது, நிரல் வரவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

குற்றவாளி யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்தான். ஒரு மாணவி மூன்று மாலைகள் உட்கார்ந்து எழுதிய நிரலை அழித்தது நான் அனுப்பிய இரண்டு வரி ஆலோசனை. அவ்வளவு துணிச்சலோடு அதை நான் ஏன் சொன்னேன், அவள் ஏன் யோசிக்காமல் நம்பினாள், அந்தப் பயிற்சித் தளம் எங்கள் இருவரையும் எப்படி அந்த எண்ணத்துக்குள் கொண்டுபோய் விட்டது என்பதற்காகவே இதை நாள்வாரியாக எழுதுகிறேன். அவள் அனுமதி கொடுத்தாள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். தளத்தின் பெயரும் வேண்டாம். இதே வேலையை இதே விதத்தில் செய்யும் தளங்கள் நிறைய இருக்கின்றன.

ஆன்லைனில் நிரல் எழுதக் கற்கும் ஒரு சிறு குழுவுக்கு வாரம் இருமுறை சந்தேகம் தீர்த்துவைப்பது என் வேலை. சம்பளமில்லாத வேலை. இந்த மாணவி சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. இணையப் பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லும் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸும் முடித்து, பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் முதல் தனித் திட்டப்பணியைத் தொடங்கியிருந்தாள். படித்த புத்தகங்களின் பட்டியல் ஒன்றைக் கட்ட வேண்டும். தலைப்பையும் பக்க எண்ணிக்கையையும் உள்ளிட்டால் பட்டியலில் சேர வேண்டும், வேண்டாததை நீக்க முடிய வேண்டும், கீழே மொத்தப் பக்கங்கள் காட்ட வேண்டும், பக்கத்தை மூடித் திறந்தாலும் பட்டியல் அப்படியே இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

திங்கள் முதல் வியாழன் வரை

திங்கள், செவ்வாய், புதன் மூன்று மாலைகளிலும் வீட்டு மடிக்கணினியில் உட்கார்ந்து எழுதினாள். மூன்று கோப்புகளிலும் சேர்த்துச் சுமார் 190 வரிகள். எழுதுவதெல்லாம் தளத்தின் பக்கத்திலேயே இருக்கும் எடிட்டரில். தட்டச்சை நிறுத்திய ஒரு நொடியில் எடிட்டரின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சொல் தோன்றி மறையும்: சேமிக்கப்பட்டது. மூன்று நாளும் அந்தச் சொல் ஒருமுறைகூடத் தவறாமல் வந்தது.

புதன் இரவு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். 120 பக்கப் புத்தகம் ஒன்றையும் 80 பக்கப் புத்தகம் ஒன்றையும் சேர்த்திருந்தாள். கீழே மொத்தப் பக்கங்கள்: 012080. "அக்கா, இது என்ன கணக்கு?" என்று ஒரு வரி. கற்றுக்கொள்ளும் எல்லோரும் ஒருமுறை விழும் பள்ளம் அது. உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வருவது எண் அல்ல, எழுத்துக் கோவை. பூஜ்யத்தோடு '120' என்ற எழுத்தை ஒட்டி, அதோடு '80' என்ற எழுத்தையும் ஒட்டினால் 012080 தான் வரும். எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டச் சொன்னேன். மாற்றினாள், 200 வந்தது, தூங்கப் போனாள்.

வியாழன் மதியம், அலுவலக இடைவேளையில், அங்கிருக்கும் கணினியில் தளத்துக்குள் நுழைந்தாள். கணக்கு திறந்தது. இதுவரை முடித்த பாடங்கள் அத்தனைக்கும் எதிரே பச்சைக் குறி. திட்டப்பணியைத் திறந்தாள். உள்ளே தளம் முதல் நாள் கொடுத்த வெற்றுத் தொடக்க நிரல். பதினோரு வரி.

எனக்குச் செய்தி வந்தபோது நான் வேறு வேலையில் இருந்தேன். பச்சைக் குறிகள் இருக்கின்றன, நிரல் மட்டும் பழையதாக இருக்கிறது என்றாள். என் மனதில் உடனே ஒரு படம் வந்தது: சர்வரில், அதாவது தளத்தாரின் கணினியில், புதிய நிரல் பத்திரமாக இருக்கிறது, உலாவிதான் கையிலிருக்கும் பழைய பிரதியை, கேஷ் என்பார்கள், அதைக் காட்டி ஏமாற்றுகிறது. தொழிலில் ஆயிரம் முறை பார்த்த நோய். அதற்கு ஆயிரம் முறை எழுதிக்கொடுத்த மருந்தும் தயாராக இருந்தது. "கேஷ் பிரச்சினையாக இருக்கும். இரண்டு கணினியிலும் அழித்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே போய்ப் பார்" என்று அனுப்பினேன்.

இரண்டு கணினியிலும் எதற்கு? அவள் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பழுது தெரிந்தது அலுவலகக் கணினியில். வீட்டு மடிக்கணினியை அவள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்ற மூன்றாவது காரணத்தைத் தவிர எனக்கு வேறு காரணமில்லை. முதலிரண்டு காரணங்களும் இல்லவே இல்லை.

அவள் சொன்னதைச் செய்கிறவள். வீட்டுக்கு வந்ததும், தளத்தைத் திறப்பதற்கு முன்பே, உலாவியின் அழிக்கும் பெட்டியைத் திறந்தாள். அந்தப் பெட்டியில் மூன்று வரிகளுக்கு முன்னால் ஏற்கெனவே குறியிட்டிருந்தது: பார்த்த பக்கங்களின் வரலாறு, குக்கீகளும் பிற தளத் தரவும், கேஷில் உள்ள படங்களும் கோப்புகளும். நான் சொன்னது மூன்றாவது வரியை மட்டும். அதைச் சொல்லத்தான் எனக்குத் தோன்றவில்லை. அவள் காலவரம்பை 'எல்லா நேரமும்' என்று மாற்றினாள். அரைகுறையாகச் செய்தால் பலிக்காது என்று நினைத்திருக்கிறாள். பொத்தானை அழுத்தினாள். தளத்தைத் திறந்தாள். பதினோரு வரி.

வெள்ளி இரவு, எஃப் பன்னிரண்டு

மறுநாள் இரவு திரையைப் பகிர்ந்துகொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அப்போதும் நான் நம்பிக்கையோடுதான் இருந்தேன். சர்வரில் இருக்கும், வந்துவிடும் என்றேன். எஃப் பன்னிரண்டை அழுத்தி உலாவியின் கருவிப் பலகையைத் திறக்கச் சொன்னேன். அப்ளிகேஷன் பகுதியில், தளங்கள் இந்த உலாவிக்குள்ளேயே எழுதிவைப்பதைக் காட்டும் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற வரிசையை விரித்து, தளத்தின் முகவரியைச் சொடுக்கினாள். அட்டவணையில் ஒரே ஒரு வரி. திரை கறுப்பா வெள்ளையா என்ற விருப்பம் மட்டும்.

"எடிட்டரில் ஏதாவது ஒரு எழுத்து தட்டு" என்றேன். குறிப்புரை வரியாக ஒரு 'அ' போட்டாள். ஒரு நொடி கழித்துச் சாம்பல் நிறச் சொல் தோன்றியது. அதே கணத்தில் அட்டவணையில் இரண்டாவது வரி முளைத்தது. இடப்பக்கம் பாடத்தின் அடையாள எண், வலப்பக்கம் மூன்று கோப்புகளும் ஒன்றாகச் சுருட்டப்பட்ட நீண்ட எழுத்துக் கோவை. நடுவில் அவளுடைய 'அ'.

அந்த நொடியில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவளுக்கு இன்னும் புரியவில்லை.

உறுதிசெய்துகொள்ள, உலாவிக்கும் சர்வருக்கும் இடையே போய்வருவதைக் காட்டும் நெட்வொர்க் பகுதிக்குப் போனோம். அங்கிருந்த பட்டியலைத் துடைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து எழுத்து தட்டினாள். சேமிக்கப்பட்டது என்று வந்தது. நெட்வொர்க் பட்டியல் காலியாகவே இருந்தது. ஒரு பைட்கூட வெளியே போகவில்லை. பிறகு வேறொரு சிறிய பாடத்தைத் திறந்து, சரியான விடை எழுதிச் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். இப்போது ஒரே ஒரு கோரிக்கை சர்வருக்குப் போனது. அதைத் திறந்து பார்த்தோம். பாடத்தின் அடையாள எண், முடிந்தது என்ற குறிப்பு. அவ்வளவுதான். என்ன எழுதி முடித்தாள் என்பது அதில் இல்லை.

ஆக, தளத்தில் இரண்டு விதமான சேமிப்பு நடந்துகொண்டிருந்தது. முன்னேற்றம் சர்வரில், கணக்கோடு. எழுதிக்கொண்டிருக்கும் நிரல் உலாவியில், அந்தக் கணினியோடு. முன்னது உலகத்தின் எந்த மூலையிலிருந்து நுழைந்தாலும் கூடவே வரும். பின்னது அந்த மடிக்கணினியை விட்டு அசையாது. அலுவலகத்தில் பச்சைக் குறிகளைப் பார்த்தவுடன் 'என் கணக்கு இங்கே வந்துவிட்டது, ஆகவே என் வேலையும் வந்திருக்க வேண்டும்' என்று அவள் நினைத்தது நியாயமான ஊகம். உண்மை என்னவென்றால், வியாழன் மதியம் அலுவலகக் கணினியில் எதுவுமே தொலைந்திருக்கவில்லை. அவளுடைய 190 வரிகளும் வீட்டில், மூடிய மடிக்கணினிக்குள், ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. மாலையில் வீட்டுக்கு வந்து சும்மா திறந்திருந்தால் அப்படியே வந்திருக்கும். இருந்த ஒரே பிரதியைத் தேடிப் போய் அழிக்கச் சொன்னது நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையார் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார், நான்தான் கலைத்தேன்.

சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அக்கா, நான் புதன்கிழமை எழுதியதே லோக்கல் ஸ்டோரேஜ்தானே" என்றாள்.

ஆமாம். பக்கத்தை மூடித் திறந்தாலும் புத்தகப் பட்டியல் இருக்க வேண்டும் என்ற அந்தக் கடைசி நிபந்தனை. அதற்காக அவளே லோக்கல் ஸ்டோரேஜில் எழுதவும் படிக்கவும் கற்று, தன் கையால் நான்கு வரி எழுதியிருந்தாள். அந்த நான்கு வரியைத் தாங்கிநின்ற தளமும் அதே பெட்டியைத்தான் நம்பியிருந்தது என்று அவளுக்குத் தோன்றவில்லை. பதினைந்து வருடமாக இதில் இருக்கும் எனக்கும் தோன்றவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம்

லோக்கல் ஸ்டோரேஜ் என்பது உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் ஒதுக்கித் தரும் ஒரு சின்ன அலமாரி. சுமார் 5 எம்பி. 190 வரி நிரல் ஏழு கேபியைத் தாண்டாது, எனவே இடம் ஒரு பிரச்சினையே அல்ல. பிரச்சினை, அலமாரி யாருக்குச் சொந்தம் என்பதில். அது கணக்குக்குச் சொந்தமல்ல. இந்தக் கணினி, இந்த உலாவி, உலாவிக்குள் இந்தப் பயனர் சுயவிவரம், இந்தத் தள முகவரி என்ற நான்கும் பொருந்தினால்தான் அதே அலமாரி திறக்கும். அதே கணினியில் குரோமில் எழுதியதை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் காலி. முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ இருப்பதும் இல்லாததும்கூட உலாவியின் கண்ணில் இரண்டு வேறு தளங்கள். தனிமைச் சாளரத்தில் எழுதினால், சாளரங்களை மூடும்போது அலமாரியும் போய்விடும்.

சஃபாரி பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. 2020 மார்ச் முதல், ஒரு தளத்தை நீங்கள் தொடாமல் சஃபாரியைப் பயன்படுத்திய நாட்கள் ஏழைத் தாண்டினால், அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் எழுதிவைத்ததையெல்லாம் சஃபாரி துடைத்துவிடும். விளம்பரக்காரர்கள் பின்தொடர்வதைத் தடுக்க வந்த விதி அது, நல்ல நோக்கம்தான். ஆனால் சனி ஞாயிறில் மட்டும் நிரல் எழுதக் கற்கும் ஒருவர் ஒரு வார இறுதியைத் தவறவிட்டால் போதும். யாரும் எதையும் அழுத்தாமலேயே அரைகுறைத் திட்டப்பணி காணாமல் போயிருக்கும். எங்கள் குழுவில் இருவர் ஐபேடில் படிக்கிறார்கள். அவர்களுக்கு அன்றிரவே எழுதினேன்.

கேஷ் என்பது இது எதுவுமே அல்ல. வேகத்துக்காக உலாவி எடுத்து வைத்துக்கொள்ளும் படங்கள், கோப்புகளின் நகல். அழித்தால் மறுபடி இறக்கிக்கொள்ளும். நட்டமில்லை. அதனால்தான் 'கேஷை அழி' என்பது எங்கள் தொழிலில் தண்ணீர் குடி என்று சொல்வதைப்போல ஆகிவிட்டது. அழிக்கும் பெட்டியில் அதன் பக்கத்து வரியில், ஏற்கெனவே குறியிட்டபடி, 'பிற தளத் தரவு' என்று அடக்கமாக எழுதியிருப்பதுதான் அசல் சரக்கு. அழித்தால் திரும்பாதது. திரும்ப வருவதையும் வராததையும் ஒரே பெட்டியில் ஒரே பொத்தானுக்குக் கீழே வைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

மிஞ்சியது

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் தொடங்கியது. மூடிய டேப்பைத் திரும்பத் திறக்கும் விசையை அழுத்திப் பார்த்தோம். டேப் வந்தது, பக்கம் புதிதாக ஏறியது, பதினோரு வரி. கன்ட்ரோல்-இசட் பலிக்கவில்லை. பின்னோக்கிப் போகும் அடுக்கு பக்கத்தின் நினைவகத்தில் மட்டும் வாழ்கிறது, புதன் இரவு டேப்பை மூடியபோதே அது செத்துவிட்டது. புதன் இரவு டேப்பை மூடாமல் மடிக்கணினியின் மூடியை மட்டும் சாத்தியிருந்தால், வியாழன் இரவு உலாவியைத் துடைத்த பிறகும், பக்கம் மறுபடி ஏறாதவரை, எடிட்டரில் நிரல் இருந்திருக்கும். ஆனால் வேலை முடிந்ததும் டேப்பை மூடுவது ஒழுங்கான பழக்கம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

கடைசியில் நிரல் கிடைத்தது எங்கள் உரையாடலில். 012080 தெரியும் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் 38 வரிகள் படிக்கக்கூடியதாக இருந்தன. செவ்வாயன்று ஒரு சந்தேகத்தோடு அவள் ஒட்டியிருந்த துண்டில் இன்னொரு 14 வரி. மொத்தம் 52. அவற்றைக் கையால் ஒரு கோப்பில் சேர்த்தோம்.

அந்த 52 வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. பிழைத்திருப்பவை அத்தனையும் அவள் தவறாக எழுதியவை. தடுமாறிய இடங்களைத்தான் என்னிடம் அனுப்பினாள், அதனால் அவை இரண்டு தொலைபேசிகளில் இருந்தன. யாருடைய உதவியும் இல்லாமல் சரியாக எழுதியவை யாரிடமும் போகவில்லை, அதனால் அவை எங்குமே இல்லை. நீக்கும் பொத்தானை அவள் தனியாகவே எழுதியிருந்தாள். சொடுக்கைக் கவனித்துக்கொண்டிருக்கும் கேட்பானை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக மாட்டாமல், பட்டியல் முழுமைக்கும் ஒன்றை மாட்டி, எந்த வரியிலிருந்து சொடுக்கு வந்தது என்று கண்டுபிடிக்கும் உத்தி. ஐந்தாவது வாரத்தில் அது சின்ன விஷயம் இல்லை. "அதை உங்களிடம் வெள்ளிக்கிழமை காட்டலாம் என்று வைத்திருந்தேன்" என்றாள். நான் அதைப் பார்த்ததே இல்லை.

இப்படி நடந்ததைச் சொன்னால் உடனே ஆறுதல் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். திரும்ப எழுதுவது நல்ல பயிற்சி, இரண்டாம் முறை வேகமாக வரும், மனதில் பதியும் என்பார்கள். வேகமாக வந்தது உண்மைதான். மூன்று மாலை வேலையை அவள் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் திரும்ப எழுதினாள். ஆனால் அந்த ஒரு மணி நாற்பது நிமிடம் வந்தது பத்தாம் நாள். நடுவில் ஒன்பது நாள் அவள் தளத்தின் பக்கமே போகவில்லை. வகுப்புக்கு வந்தாள், கேமராவை அணைத்து வைத்திருந்தாள். கற்கத் தொடங்கிய ஒருவருக்கு 190 வரி என்பது ஏழு கேபி அல்ல. அது 'எனக்கும் இது வரும்போலிருக்கிறது' என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சியம். நீக்கும் பொத்தானைப் பற்றிக் கேட்டேன். "இப்போது எழுதியதும் வேலை செய்கிறது. ஆனால் முதலில் எழுதியது இதைவிட நன்றாக இருந்தது" என்றாள். இருந்திருக்கலாம். இனி யாரும் ஒப்பிட முடியாது.

நிரலாளர்கள் தங்களுக்கு என்ன செய்துகொண்டார்கள்

வேடிக்கை என்னவென்றால், எழுதிக்கொண்டிருப்பது போய்விடக்கூடாது என்ற கவலை நிரலாளர்களுக்குப் புதிதல்ல. விம் எடிட்டர் இயல்பாகவே 200 எழுத்துக்கு ஒருமுறை, அல்லது கை நான்கு நொடி ஓய்ந்தால், ஒரு மாற்றுக் கோப்பில் எழுதிவைத்துவிடும். ஈமேக்ஸ் எடிட்டர் 300 விசைக்கு ஒருமுறை. நிரலையும் குறிப்புகளையும் ஒரே ஆவணத்தில் வைக்கும் ஜூப்பிட்டர் நோட்புக் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் பெயர்கூட வைக்காமல் எழுதிய கோப்பை அப்படியே விட்டு மூடினாலும், மறுபடி திறக்கும்போது அது அங்கேயே காத்திருக்கும். இவையெல்லாம் சூடுபட்ட பூனைகள் தங்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள். சூடே படாத புதியவர்களுக்காகக் கட்டும் தளங்களில்தான் ஏற்பாடு இளைத்துக் கிடக்கிறது.

எங்கள் வழக்கின் அதே வடிவம், இப்படிப்பட்ட நோட்புக்கை உலாவியிலேயே ஓட்டும் கூகுள் கோலாபிலும் உண்டு. நோட்புக் கூகுள் டிரைவில் பத்திரமாகச் சேமிக்கப்படுகிறது. ஆனால் அந்த நோட்புக் ஓடும்போது உருவாக்கிய கோப்புகள் தற்காலிகமாகக் கொடுத்த ஒரு கணினியின் வட்டில் இருக்கின்றன. இணைப்பு முடிந்து அந்தக் கணினி கைவிடப்படும்போது கோப்புகளும் போகும். மறுநாள் நோட்புக்கைத் திறக்கிறவர், நிரல் இருக்கிறதே என்ற தைரியத்தில் தரவையும் தேடுவார்.

தளம் என்ன செய்திருக்கலாம்

உலாவியில் சேமிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. உள்நுழையாமலே பயிற்சி செய்யலாம், இணைப்பு அறுந்தாலும் எழுதிக்கொண்டே இருக்கலாம், அரைகுறை நிரலை வேறொருவர் கணினிக்கு அனுப்ப வேண்டியதில்லை. சர்வரில் வைக்க இடம் ஒரு தடையும் அல்ல. ஆளுக்கு ஏழு கேபி என்றால் ஒரு லட்சம் பேருடைய நிரலும் 700 எம்பி, ஒரு பென்டிரைவில் அடங்கும். கடினம் வேறு இடத்தில். இரண்டு கணினியில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் எது ஜெயிக்க வேண்டும்? உள்நுழைவு காலாவதியாகி, சர்வர் ஏற்க மறுத்தால், அதை எழுதிக்கொண்டிருப்பவரின் கவனத்தைக் குலைக்காமல் எப்படிச் சொல்வது?

அந்த முதல் கேள்வியை ஒரே கணினிக்குள்ளேயே சோதித்துப் பார்த்தோம். ஒரே பாடத்தை இரண்டு டேப்பில் திறந்து, முதல் டேப்பில் இருபது வரி எழுதினாள். பிறகு இரண்டாவது டேப்புக்குப் போய் ஒரே ஒரு இடைவெளியைத் தட்டினாள். முதல் டேப்பைப் புதுப்பித்தபோது இருபது வரியும் இல்லை. கடைசியாக எழுதியவன் ராஜா. இன்னொரு டேப் அலமாரியை மாற்றினால் தெரிவிக்கும் நிகழ்வு உலாவியில் இருக்கவே இருக்கிறது. தளம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

பக்கத்தை மூடும்போது 'மாற்றங்கள் போய்விடும்' என்று எச்சரிக்கும் பெட்டியும் முழுத் தீர்வல்ல. தொலைபேசியில் செயலியைத் தள்ளி மூடினால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வருவதே இல்லை. பக்கம் கண்ணுக்கு மறையும் கணத்திலேயே எழுதிவைத்துவிடுவதுதான் நம்பகமான வழி.

இத்தனைக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தளத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் மூன்று கோரிக்கைகள் எழுதி, இரண்டை நானே அடித்துவிட்டு, ஒன்றை மட்டும் அனுப்பினேன்: 'சேமிக்கப்பட்டது' என்பதற்குப் பதில் 'இந்த உலாவியில் சேமிக்கப்பட்டது' என்று போடுங்கள். இரண்டே இரண்டு சொல் கூடுதல். அந்தச் சொற்கள் இருந்திருந்தால் அலுவலகத்தில் அவள் பதறியிருக்க மாட்டாள், எனக்குச் செய்தியே அனுப்பியிருக்க மாட்டாள், என் அதிமேதாவித்தனத்துக்கு வாய்ப்பே வந்திருக்காது. பட்டியலில் சேர்த்துக்கொண்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது.

அவள் மாற்றிக்கொண்டது

பத்தாம் நாளிலிருந்து அவள் எழுதுவது தன் கணினியில், தன் கோப்புறையில். தளத்தின் எடிட்டரில் ஒட்டுவது சோதனைக்கு மட்டும். முதலில் ஒவ்வொரு மாலையும் கோப்புறையைத் தேதி போட்டு நகலெடுத்தாள். ஒரு வாரத்தில் ஏழு கோப்புறைகள் ஆனதும் அவளுக்கே சலித்துவிட்டது. அப்போதுதான் நிரலின் ஒவ்வொரு நிலையையும் வரலாறாகப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை அறிமுகப்படுத்தினேன். முன்பே செய்திருந்தால் இன்னொரு வேண்டாத பாடமாகத் தோன்றியிருக்கும். ஏழு கோப்புறை பார்த்தவளுக்கு அது நிவாரணமாகத் தெரிந்தது.

கிட்டில் அவள் முட்டிக்கொண்டது கட்டளைகளில் அல்ல, கூச்சத்தில். கமிட் என்பது அந்த நேரத்து நிரலைக் கிட்டில் பதிவு செய்வது. "வேலை செய்யட்டும், பிறகு கமிட் செய்கிறேன்" என்பாள். பாதி உடைந்த நிரலைப் பதிவு செய்வது அழுக்குத் துணியை அலமாரியில் மடித்து வைப்பதுபோல என்றாள். புதியவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. முடிந்ததுதான் வேலை, நடுவில் இருப்பது வெறும் குப்பை என்ற எண்ணம். ஆனால் தொலைவது எப்போதும் நடுவில் இருப்பதுதான். முடிந்தது எப்படியும் எங்காவது சமர்ப்பிக்கப்பட்டிருக்கும். வாதாடிப் பயனில்லை என்று, கமிட் செய்தியில் உண்மையை எழுதிவிடலாம் என்று மட்டும் சொன்னேன். அன்று மாலை அவள் எழுதிய முதல் செய்தி: 'மொத்தம் இன்னும் தவறு, தூக்கம் வருகிறது'. அதன் பிறகு தடையில்லாமல் போகிறது.

கன்ட்ரோல்-எஸ் பற்றி ஒரு கிளைக்கதை. எல்லா இடத்திலும் அந்த விசையை அழுத்தும் பழக்கம் இப்போது அவளுக்கு வந்துவிட்டது. ஒருநாள், கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் சாளரமான டெர்மினலிலும் அழுத்தினாள். திரை உறைந்து நின்றது. பழைய டெர்மினல்களில் அது சேமிப்பதற்கல்ல, வெளியீட்டை நிறுத்திவைப்பதற்கான விசை. கன்ட்ரோல்-கியூ அழுத்தினால் மீண்டும் ஓடும். அவள் சாளரத்தை மூடப் போனவள், மூடாமல் என்னைக் கேட்டாள். இந்த முறை நான் பதில் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்தேன்.

கமிட் பழகிய இரண்டாம் வாரத்தில், நான் கேட்காமலே ஒரு கேள்வி வந்தது. "அக்கா, கமிட் செய்கிறேனே, அது எங்கே போகிறது?" கோப்புறைக்குள்ளேயே, மறைந்திருக்கும் ஒரு துணைக்கோப்புறைக்குள் என்றேன். "அப்படியென்றால் மடிக்கணினி கெட்டால் கமிட்டும் போய்விடும்." ஆமாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை எழுதியபோது, ஒவ்வொரு பிரதியும் முழு வரலாற்றையும் தன்னிடமே வைத்திருக்கும்படி அமைத்தார். ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் அந்த அமைப்பினால் பயனில்லை. புஷ் செய்த பிறகுதான், அதாவது வெளியே இன்னொரு களஞ்சியத்துக்கு அனுப்பிய பிறகுதான், இன்னொரு கணினியில் இருக்கிறது. அன்றே தொலைவிடக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கிக்கொண்டாள். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அலுவலகக் கணினியில் திறந்து பார்த்ததாகச் சொன்னாள்.

புத்தகப் பட்டியல் திட்டப்பணி முடிந்துவிட்டது, பச்சைக் குறியும் வாங்கிவிட்டாள். ஆனால் பாடம் கேட்காத இரண்டு சங்கதிகள் அதில் இருக்கின்றன. மொத்தப் பக்கங்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: 'இந்தப் பட்டியல் இந்த உலாவியில் மட்டும் இருக்கிறது. உலாவியின் தளத் தரவை அழித்தால் போய்விடும்.' அதன் பக்கத்தில் ஒரு பொத்தான், பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ள. அழுத்திப் பார்த்தேன், கோப்பு வந்தது. இறக்கிய கோப்பைத் திரும்ப ஏற்றும் பொத்தான் எங்கே என்று கேட்டேன். இன்னும் எழுதவில்லை, பாதியில் இருக்கிறது, புஷ் செய்து வைத்திருக்கிறேன் என்றாள்.